நோயை அடியோடு ஒழிப்பது லாபமா, கட்டுக்குள் வைத்தால் போதாதா?

ஊசி போட்டுக் கட்டுக்குள் வைத்தாலே போதுமே, உலகத்திலிருந்தே ஒழிக்க ஏன் இவ்வளவு பணம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியம்மையின் வரவு செலவைப் பாருங்கள்.

1967-ல் தொடங்கிய தீவிர ஒழிப்புத் திட்டத்துக்கு மொத்தம் சுமார் 30 கோடி டாலர் ஆனது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை நோய் பரவியிருந்த நாடுகளே போட்டன, அவற்றில் பெரும்பாலானவை ஏழை நாடுகள். ஒழிந்த பிறகு உலகம் ஆண்டுதோறும் மிச்சப்படுத்துவது 100 கோடி டாலருக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு. பணக்கார நாடுகளுக்குத்தான் கொழுத்த லாபம். அமெரிக்காவில் 1949-க்குப் பிறகு பெரியம்மை பரவவே இல்லை. ஆனாலும் வெளியிலிருந்து வந்துவிடுமோ என்ற பயத்தில் 1972 வரை குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். கட்டுக்குள் வைப்பது என்றால் இதுதான்: முடிவே இல்லாத வாடகை.

சரி, செலவு எப்படி இவ்வளவு குறைந்தது? எல்லோருக்கும் ஊசி என்பதை விட்டு, நோயாளியைத் தேடிப்பிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்குப் போட்டார்கள். இந்தியாவில் தகவல் சொல்பவருக்குப் பரிசு கூட உண்டு. நோயாளிகள் குறையக் குறையத் தொகையை ஏற்றி, 1975-ல் 1000 ரூபாய் வரை கொண்டுபோனார்கள். கெட்டிக்காரத்தனமான செலவு!

இதே கணக்கு எல்லா நோய்க்கும் பொருந்தாது. பெரியம்மை தோலில் பளிச்சென்று தெரியும், விலங்குகளில் ஒளிந்திருக்காது. போலியோ தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. அதனால்தான் அதன் கடைசிக்கட்டம் இத்தனை ஆண்டுகளாகப் பணத்தை விழுங்குகிறது.