புது ஸ்போர்ட்ஸ் காரில் கோளாறு, ஷோரூமில் “நார்மல்தான் சார்” என்கிறார்கள். வாரண்டியில் எப்படி வேலை வாங்குவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது கியர்பாக்ஸ் உதறுகிறது, சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டுப் பார்த்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று வண்டியைத் திருப்பித் தருகிறார்கள். என் வண்டியிலும் ஏறக்குறைய இதேதான் நடந்தது. கடைசியில் வாரண்டியிலேயே சரியானது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாரண்டி வேலைக்குப் பணம் தருவது டீலர் இல்லை, கம்பெனி. டீலர் வேலையைச் செய்துவிட்டு, அப்புறம் கம்பெனியிடம் கிளெய்ம் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்கு எத்தனை மணி நேரக் கூலி என்பதைக் கம்பெனியே நிர்ணயித்து வைத்திருக்கும். கோளாறைத் தேடுவதற்கே டெக்னீசியன் அரை நாள் செலவழித்தால், அத்தனை நேரத்துக்கும் காசு வரும் என்று சொல்ல முடியாது. எஞ்சின், கியர்பாக்ஸ் மாதிரி பெரிய ஐட்டம் என்றால் முன்கூட்டியே அப்ரூவல் வாங்க வேண்டும். ஃபால்ட் கோட் (கோளாறைக் குறித்து வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் எண்), வீடியோ, ரீடிங் எல்லாம் கேட்பார்கள். கழற்றிய பார்ட்டைத் தூக்கிப் போடவும் முடியாது, கம்பெனி பார்க்கக் கேட்கும். ஆடிட்டில் கிளெய்ம் தப்பு என்று வந்தால் கொடுத்த பணத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே “நார்மல்தான் சார்” என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் கெட்ட எண்ணம் கிடையாது. கம்பெனியிடம் காட்ட அந்த சர்வீஸ் அட்வைசர் கையில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆதாரத்தை அவர் கையில் கொடுப்பதுதான் நம் வேலை. கவுண்டரில் சத்தம் போடுவதால் எந்தக் கிளெய்மும் அப்ரூவ் ஆகாது.

இதில் முக்கால்வாசி ஜாப் கார்டிலேயே, அதாவது வண்டியை விடும்போது புகாரை எழுதும் தாளிலேயே, முடிவாகிவிடுகிறது. நீங்கள் பத்து நிமிஷம் விளக்கிச் சொன்னதை அட்வைசர் “கியர் ஜெர்க், செக்” என்று இரண்டே வார்த்தையில் அடித்துவிடுவார். அதைப் படிக்கிற டெக்னீசியன் மறுநாள் காலையில், எஞ்சின் ஆறிப்போயிருக்கும்போது, காலியான ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து “கோளாறு காணப்படவில்லை” என்று எழுதுவார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிலையில் உண்மையிலேயே வராது.

நான் எழுத வைத்தது ஏறக்குறைய இப்படி: “எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நின்று நின்று போகும் டிராஃபிக்கில், வேகம் 15 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கும்போது, இரண்டிலிருந்து முதல் கியருக்கு வரும் இடத்தில் உதறல். சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் தெரிகிறது. காலையில் வண்டி எடுத்தவுடன் வருவதில்லை.” எப்போது, எந்தச் சூட்டில், எந்த கியரில், எந்த வேகத்தில், எங்கே உணர்கிறோம் என்கிற இவை ஜாப் கார்டில் இருந்தால்தான் டெக்னீசியனால் கோளாறை வரவழைத்துப் பார்க்க முடியும். உங்கள் வார்த்தைகள் அப்படியே ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நகலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வண்டியைச் சாவியோடு விட்டுவிட்டு வராமல் டெக்னீசியனோடு சேர்ந்து ஓட்டிக் காட்டுங்கள். நான் சாயங்கால நேரமாகப் பார்த்து, அவினாசி ரோடு டிராஃபிக்கில் வண்டியைச் சூடாக்கியே கொண்டுபோனேன். டெக்னீசியன் மடியில் லேப்டாப்போடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கிளட்ச் சூடு திரையில் ஏறிக்கொண்டே போனது. முதல் உதறலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதில், “இருங்க சார், இன்னொரு தடவை பண்ணுங்க, ரெக்கார்ட் போடறேன்” என்றார். அந்த ரெக்கார்டிங்தான் பின்னால் கம்பெனிக்குப் போன கிளெய்மில் இருந்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் வண்டிகளில் இருப்பது மாதிரியான இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் ஒரு கிளட்ச் ஒற்றைப்படை கியர்களுக்கு, இன்னொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. ஊர்ந்து போகும்போது கம்ப்யூட்டர் நமக்காக ஹாஃப் கிளட்ச் போட்டுக்கொண்டே இருக்கும். எனவே மெதுவான வேகத்தில் கொஞ்சம் ஜெர்க் அந்த அமைப்புக்கே உரியது. எவ்வளவு இயல்பு, எவ்வளவு கோளாறு என்று வாயால் வாதம் பண்ணித் தீராது. அதே மாடல் டெமோ வண்டி இருந்தால் இரண்டையும் ஒரே ரோட்டில், ஒரே சூட்டில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவை எழுதி வாங்குங்கள். டெமோ வண்டி உதறாமல் உங்கள் வண்டி மட்டும் உதறினால் “இந்தக் காரோட கேரக்டரே அப்படித்தான்” என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நின்றது.

முதலில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள், கிளட்ச் அடாப்டேஷனை, அதாவது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டர் கற்றுவைத்திருப்பதை, ரீசெட் செய்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி வந்தது. இங்கே கவனம் தேவை. ஒவ்வொரு தடவையும் புது ஜாப் கார்டு திறக்கச் சொல்லுங்கள், “ஏற்கெனவே சொன்ன அதே புகார்” என்று பழைய ஜாப் கார்டு எண்ணோடு எழுத வையுங்கள். போனில் பேசி, போகிற போக்கில் காட்டிவிட்டு வந்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. ஸ்கேன் போட்டால், ஃபால்ட் கோட்களை அழிப்பதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கோளாறு வந்த நொடியில் எஞ்சின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்ற விவரம் அந்தக் கோட்டுடன் சேர்ந்தே பதிவாகியிருக்கும், அழித்தால் போய்விடும். அதே காரணத்துக்காக நீங்களும் பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பார்க்காதீர்கள். அப்படிச் சேர்ந்த காகிதங்களை வைத்துத்தான் என் வண்டிக்கு மெகாட்ரானிக் யூனிட் (கியர்பாக்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) வாரண்டியில் மாறியது. பில் வந்திருந்தால் ஒரு நல்ல சின்னக் காரின் விலை.

“இவ்வளவு பெரிய கம்பெனி வண்டியில் அப்படியெல்லாம் வராது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014-இல் போர்ஷே 911 ஜிடி3 வண்டிகள் இரண்டு தீப்பிடித்தன. எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் போல்ட் தளர்ந்ததுதான் காரணம் என்று கம்பெனியே கண்டுபிடித்து, அந்த மாடலில் கொடுத்திருந்த 785 வண்டிகளுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது.

சரி, வாரண்டியை மறுக்க அவர்கள் எடுக்கும் ஆயுதங்கள் என்ன? ஈசியூ ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை வெளியே மாற்றுவது) போட்டிருந்தால், திரும்பக் கம்பெனியின் ஸ்டாக் ஃபைல் ஏற்றினாலும் எழுதிய தடயம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரேஸ், போட்டி உபயோகம் கவர் ஆகாது என்று வாரண்டி புத்தகத்தில் இருக்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ டிராக் டே (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள்) போகிற எண்ணம் இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள், இன்ஸ்டாகிராமில் படம் போடுவது அதற்கப்புறம். 2022-இல் அமெரிக்காவில் டொயோட்டா ஜிஆர்86 வைத்திருந்த ஒருவருக்கு, அவர் போட்ட படங்களைக் காட்டியே எஞ்சின் கிளெய்மை மறுத்தார்கள். விஷயம் வெளியே பரவிய பிறகுதான் டொயோட்டா முன்வந்து செய்து கொடுத்தது. எல்லாருக்கும் அப்படி ஊர் கூடி உதவாது.

நம் ஊரில் அடிக்கடி வருவது “பெட்ரோல் சரியில்லை சார்” என்பது. டேங்க் மூடியின் உள்பக்கம் எந்த ஆக்டேன், எவ்வளவு எத்தனால்வரை என்று ஒட்டியிருக்கும். இப்போது பங்கில் வரும் சாதாரண பெட்ரோல் இ20, அதாவது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்தது. உங்கள் வண்டி 95 ஆக்டேனுக்கு மேல் கேட்டால் அதையே போட்டு, பில்லையும் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல்தான் காரணம் என்று சொன்னால், சாம்பிள் எடுத்து லேபில் சோதித்த ரிப்போர்ட்டோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பல குற்றச்சாட்டுகள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பார்ட் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வண்டி அங்கேயே நிற்கவேண்டும் என்றால், ஓடோமீட்டர், பெட்ரோல் அளவு, நாலு வீல், முன் பம்பரின் அடிப்பகுதி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்துவிட்டு வாருங்கள். தாழ்வான வண்டி, ராம்ப்பில் ஏற்றும்போது உரசும். வண்டியை நிழலில் நிறுத்தவும், பேட்டரிக்குச் சார்ஜர் போடவும் மெயிலில் கேளுங்கள்.

டீலரிடம் நகரவில்லை என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில் போட்டு, ஏரியா சர்வீஸ் மேனேஜர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். எல்லா ஜாப் கார்டும் இணைப்பில் இருக்கட்டும். பெரிய அப்ரூவல் அவர் கையில்தான் இருக்கிறது. மெயிலில் கோபம் வேண்டாம், தேதியும் எண்ணும் போதும்.

அதற்கப்புறம் சட்டம். கலிபோர்னியாவில் புது வண்டி 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே கோளாறுக்கு நாலு தடவை போனாலோ, மொத்தம் 30 நாளுக்கு மேல் ஷெட்டில் நின்றாலோ சட்டமே உங்கள் பக்கம் சாயும். இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான். கொடுத்த விலை 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம், 2 கோடிவரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 2 வருஷத்துக்குள் போட வேண்டும். டீலர், கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து பார்க்கலாம். வண்டி உங்கள் சொந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும் பயப்பட வேண்டாம், இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் “புது வண்டியே வேண்டும்” என்ற ஒரே பிடியில் நிற்காதீர்கள். வாரண்டி வாசகம் பார்ட்டைச் சரிசெய்யவோ மாற்றவோதான் சொல்கிறது, வண்டியையே மாற்றச் சொல்லவில்லை என்று 2006-இல் ஒரு மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-இல் வாங்கிய ஒரு பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ், சில நாளிலேயே கோளாறு, போலீஸ் புகாராகத் தொடங்கிய வழக்கு. அதில் 50 லட்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது 2024-இல். ஆகவே ஏரியா மேனேஜர் கியர்பாக்ஸ் மாற்றி, அந்த யூனிட்டுக்குக் கூடுதல் வாரண்டியும் எழுத்தில் தருகிறார் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

உங்கள் கடைசி ஜாப் கார்டில் புகார் என்ன வார்த்தையில் இருக்கிறது என்பதைப் பெயர், வண்டி நம்பர் மறைத்துக் கேள்வியில் சேருங்கள். அடுத்த தடவை எப்படி எழுத வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.