சைலன்சரில் ஓட்டை: முழு செட்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு 16 வயது. கொஞ்ச நாளாக ஆக்ஸிலேட்டரை மிதித்தாலே டிராக்டர் மாதிரி உறுமுகிறது. மெக்கானிக் அடியில் பார்த்துவிட்டு, 'துரு ஏறிப்போச்சு, முன்னாலிருந்து பின்னால் வரை முழு செட்டையும் மாற்றிவிடுங்கள்' என்கிறார். இன்னும் இரண்டு மூன்று வருடம்தான் இந்த வண்டியை வைத்திருப்பேன், அதற்கு இவ்வளவு செலவா?

பதில்: தேவையிருக்காது என்றுதான் நினைக்கிறேன். மொத்த செட்டும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம், முதலில் போவது பெரும்பாலும் பின்பக்க மஃப்ளர்தான், அதாவது சத்தத்தைக் குறைக்கும் டப்பா. காரணம் தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியே வருகிறது. நீண்ட தூரம் ஓட்டினால் குழாய் சூடேறி அது ஆவியாகவே போய்விடும், பக்கத்துத் தெருவுக்கும் கடைக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அது கடைசிவரை சூடேறாத மஃப்ளருக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பளிச்சென்று இருக்கும் மஃப்ளர் ஒருநாள் திடீரென்று ஓட்டையாவது இதனால்தான்.

அதனால் பணத்தைப் பற்றிப் பேசுமுன் ஓட்டை எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்னால் புகை வரும் வாயைத் தடிமனான துணியால் சில நொடி லேசாக அடைத்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் 'உஸ்' என்று கேட்கும். ஸ்டார்ட் செய்த உடனே டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகட்டை, சந்தேகப்படலாம். மஃப்ளரின் அடியில் வேண்டுமென்றே விட்ட ஒரு சின்ன துளை இருக்கலாம், அது தண்ணீர் வடிய வைத்தது, அதையும் ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

இடம் தெரிந்துவிட்டால் செலவு தானாகச் சுருங்கும். வண்டி ஆடும்போது கடகடவென்று தட்டுகிறதா, தொங்கவிடும் ரப்பர் அறுந்திருக்கும், இருப்பதிலேயே மலிவான வேலை அது. இரண்டு குழாய் சேரும் இடத்தில் கசிந்தால் புது கேஸ்கெட், புது போல்ட், அவ்வளவுதான். குழாயின் நடுவில் ஓட்டை, சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருக்கிறது என்றால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி அதே விட்டமுள்ள குழாயை வெல்டிங் செய்யலாம். துரு தின்ற மெல்லிய தகட்டின் மேல் ஒட்டுப் போட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும், ஆகவே நல்ல இரும்பு வரும்வரை வெட்டச் சொல்லுங்கள். ஜிங்க் பூசிய தண்ணீர்க் குழாயை யாராவது எடுத்து வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெல்டிங்கில் வரும் ஜிங்க் புகை உடம்புக்குக் கெடுதல். வேலை தொடங்குமுன் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்வதும் நல்லது.

மஃப்ளரே உளுத்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். கம்பெனி பாகம்தான் வேண்டும் என்றில்லை, வெளித் தயாரிப்பில் அலுமினியம் பூசிய ஸ்டீல் கிடைத்தால் இரண்டு மூன்று வருடத்துக்கு அது தாராளம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மஃப்ளர், வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டுபவருக்குத்தான், உங்களுக்கு வீண். பழைய வண்டி உடைக்கும் இடத்தில் வாங்குவதாக இருந்தால் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருண்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடாது. காருக்குள் புகை வாடை வந்தால், அல்லது ஓட்டும்போது தலை வலித்தால், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வாடையே வராவிட்டாலும் அது உள்ளே இருக்கலாம், ஆளைக் கொல்லும்.

கேள்வி: கடையில் விற்கும் சைலன்சர் பேஸ்ட், டேப் எல்லாம் உண்மையிலேயே நிற்குமா?

பதில்: சின்ன ஓட்டைக்கு, சில வாரம் தள்ளுவதற்கு நிற்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் அதுவும் நிற்காது. பேஸ்ட்டைப் பூசி, மேலே இரும்புத் தகட்டைச் சுற்றி இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஆயுள் கூடும். குளிர்பான அலுமினிய டின்னை வெட்டிச் சுற்றுகிறவர்கள் உண்டு. இன்ஜின் பக்கத்தில் அது தாங்காது, அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பில் எதையும் பூசாதீர்கள், ஆட்டத்தில் உதிர்ந்துவிடும். அதை வெட்டிவிட்டுப் புது ஃபிளெக்ஸ் வெல்டிங் செய்ய வேண்டியதுதான், அப்படியே இன்ஜினைத் தாங்கும் இன்ஜின் மவுன்ட் உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பல சமயம் ஃபிளெக்ஸ் கிழிவதே அதனால்தான்.

கேள்வி: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் செலவு குறையும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். பல நாடுகளில் அது சட்டவிரோதம், புகைச் சோதனையில் மாட்டும், டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கும் எரிய ஆரம்பிக்கும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் கழற்றிய பழசுக்கு நல்ல விலை உண்டு, 'எடுத்துவிடலாம் சார்' என்று யாராவது ஆர்வமாகச் சொன்னால் கழற்றியது யாருக்குப் போகும் என்று கேளுங்கள். பல வண்டிகளில் கன்வர்ட்டர் நன்றாகவே இருக்கும், அதைக் குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான வளையமான ஃபிளாஞ்ச் மட்டும்தான் துருப்பிடித்திருக்கும். அந்த ஃபிளாஞ்சை வெட்டிவிட்டுப் புதிதாக ஒன்றை வெல்டிங் செய்ய முடியுமா என்று முதலில் விசாரியுங்கள்.