பதில்: கைமாறும் என்ற வதந்தியை நம்பி சிப் பங்கை வைத்திருக்கலாமா?

அமெரிக்காவின் சின்ன சிப் கம்பெனி ஒன்றைப் பெரிய கம்பெனி வாங்கப்போகிறது என்ற பேச்சை நம்பி, சேமிப்பில் பாதியைப் போட்டிருக்கிறீர்கள். விலை கொஞ்சம் ஏறிவிட்டது, இன்னும் காத்திருக்கலாமா என்பது கேள்வி. காத்திருங்கள், ஆனால் பாதிச் சேமிப்போடு வேண்டாம்.

இந்தத் துறையில் ஒப்பந்தம் கையெழுத்தானாலும் பணம் கைக்கு வரும் என்ற உறுதி இல்லை. 2022 பிப்ரவரியில் இஸ்ரேலின் டவர் செமிகண்டக்டரை பங்குக்கு 53 டாலர் கொடுத்து வாங்குவதாக இன்டெல் அறிவித்தது. அன்றைய சந்தை விலையைவிட 60 சதவீதம் அதிகம். ஆனால் சீனாவின் ஒப்புதல் கடைசிவரை வரவில்லை. (விற்பவர் இஸ்ரேல், வாங்குபவர் அமெரிக்கா, சாவி மட்டும் பெய்ஜிங்கில்!) 2023 ஆகஸ்டில் கைவிட்டார்கள். இன்டெல் கொடுத்த 353 மில்லியன் டாலர் இழப்பீடு டவர் கம்பெனிக்குப் போனது. 40 டாலருக்கு மேல் வாங்கிக் காத்திருந்தவர்களுக்கு அப்போது நஷ்டம்தான்.

வதந்தி கட்டத்தில் இருக்கும் உங்களுக்கு ஒப்பந்தம்கூட இல்லை.

லாட்டிஸ் என்ற அமெரிக்கச் சிப் கம்பெனியின் கதை வேறு மாதிரி. சீனப் பணம் பின்னால் இருந்த கேன்யன் பிரிட்ஜ் என்ற முதலீட்டு நிறுவனம் அதைப் பங்குக்கு 8.30 டாலருக்கு வாங்கப் பேசியதை 2017 செப்டம்பரில் டிரம்ப் தடுத்தார். தனியாகவே நின்ற அந்தப் பங்கு 2021இல் 50 டாலரைத் தாண்டியது. காரணம் வியாபாரம் வளர்ந்தது.

அதனால் உங்கள் கம்பெனியின் காலாண்டு அறிக்கையைத் திறந்து கையிருப்புப் பணம், கடன், விற்பனை மூன்றையும் பாருங்கள். வாங்க யாருமே வராவிட்டாலும் வைத்திருப்பேன் என்று தோன்றும் அளவை மட்டும் விட்டுவிட்டு, மீதியை இந்த ஏற்றத்திலேயே விற்றுவிடுங்கள்.