ஒருவழியாக வந்து சேர்ந்தோம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். போன நவம்பரில் நண்பர்களோடு வேல்ஸில் உள்ள ட்ரவன் மலைக்குப் போனேன். வடக்கு முகட்டில் கையையும் காலையும் ஊன்றி ஏறி உச்சியைத் தொட்டோம். அங்கே ஆதாம், ஏவாள் என்று இரண்டு நெட்டுக்கற்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எல்லோரும் தாவினார்கள், எனக்குத் துணிவு வரவில்லை. இறங்குவதற்குள் இருட்டிவிட்டது, மொபைல் வெளிச்சத்தில் ஒருவழியாக வந்து சேர்ந்தோம். தாவாமல் ஏறியது ஏறியதாகுமா? அம்மாவை ஸ்னோடன் மலைக்கு ரயிலில் கூட்டிப்போனால் கேலி செய்வார்களா?

கா.

அன்புள்ள கா.,

1896இலிருந்து ஓடுகிற ரயில் அது. கோடையில் அம்மாவைக் கூட்டிப்போங்கள், கேலி செய்பவன் செய்யட்டும்.

தாவலையும் விடுங்கள். கற்கள் ஆளைவிட உயரம், கிழக்கே கிடுகிடு பள்ளம். உங்கள் கால் மறுத்தது நல்ல புத்தி. 917 மீட்டர் உயரமுள்ள உச்சியைத் தொட்டிருக்கிறீர்கள், போதும்.

ஆனால் அந்த ‘ஒருவழியாக’ இருக்கிறதே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஒரு மாலை ட்ரவன் அடிவாரத்தில் உள்ள ஆக்வென் ஏரிக்கரையில், ஏ5 சாலையோரம் காரை நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்தேன். ட்ரவனின் மேற்குச் சரிவில் ஒரே ஒரு வெளிச்சம். வெகுநேரம் அசையவே இல்லை. அப்புறம் கீழிருந்து வரிசையாக விளக்குகள் ஏறின. அந்தப் பக்கம் பாதை போலத் தெரிவதெல்லாம் பாதை அல்ல. பாறைச் சந்துக்குள் இறங்கிவிட்டால் மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. அப்படி மாட்டிக்கொண்ட பையனை மீட்புக் குழுவினர் இறக்கிக் கொண்டுவந்தார்கள். ஓட்டப்பந்தய ஷூ, ஒரு பக்க அடித்தோல் வாயைப் பிளந்திருந்தது. “ஸாரி, ஸாரி” என்று அவன் நிறுத்தவே இல்லை. அவன் கையில் சாக்லேட்டைத் திணித்தவர் பள்ளிக்கூட ஆசிரியராம். மறுநாள் காலை அவருக்கு வகுப்பு.

ஆக்வென் மலை மீட்புக் குழுவில் எல்லோரும் தொண்டர்கள். சம்பளம் கிடையாது, உங்களிடம் ஒரு பென்னியும் வாங்கமாட்டார்கள். 999 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு வந்தால் தட்டில் சோறு இருக்க எழுந்து ஓடுகிறார்கள். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்கச் சோம்பல்பட்டு அவர்களை எழுப்பலாமா? இறங்கும்போது இரண்டு கையும் பாறைக்கு வேண்டும் ஐயா, மொபைலை வாயிலா கவ்விக்கொண்டீர்கள்? கடுமையாகப் பேசுகிறேன், தெரியும். உங்கள் அம்மா இதைப் படித்தால் இன்னும் கடுமையாகப் பேசுவார்.

நவம்பரில் அங்கே ஐந்து மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். நீங்கள் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்கினீர்கள்? அதைக் கடிதத்தில் எழுதவே இல்லையே.