“இந்தச் சாலை எங்களுடையது அல்ல”: ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

(சாலைகளின் நிலை குறித்து வாகன ஓட்டுநர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நெடுஞ்சாலைப் பணியில் உதவிப் பொறியாளராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். கடிதங்களில் அலுவலகங்கள் மீதான குறைகள் இடம்பெற்றிருப்பதால், ஊர்ப் பெயர்களையும் அனுப்பியவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.)

எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்குப் போகும் ஏழு கிலோமீட்டர்ச் சாலையில் தினமும் இரண்டு முறை பள்ளிக் குழந்தைகளை வேனில் அழைத்துச் செல்கிறேன். வாய்க்கால் பாலத்தை ஒட்டிய வளைவில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம். ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தால் நெடுஞ்சாலைத் துறையைப் பாருங்கள் என்கிறார்கள். அங்கே போனால் பேரூராட்சி எல்லை என்கிறார்கள். கடைசியாக உதவி எண்ணில் பதிவு செய்தேன். “தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி வந்தது. பள்ளம் அப்படியே இருக்கிறது. நான் யாரிடம் போக வேண்டும்? – பள்ளி வேன் ஓட்டுநர்

நீங்கள் அலைந்ததற்குக் காரணம் உங்கள் மனுவில் இல்லை. ஓட்டுநருக்குச் சாலை ஒன்றுதான். அரசுக் கணக்கிலோ அது பல துண்டுகளாகப் பல பதிவேடுகளில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை, ஊராட்சி ஒன்றியச் சாலை, கிராம ஊராட்சிச் சாலை, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சித் தெருக்கள் என்று பிரிந்து கிடக்கும் இவற்றுக்குப் பணம் வரும் வழியும் பொறியாளரும் வேறு வேறு. பாலம் ஒரு துறையின் பெயரிலும் அதற்கு ஏறும் அணுகுசாலை இன்னொரு துறையின் பெயரிலும் இருப்பதுண்டு. உங்கள் வளைவு அப்படிப்பட்ட ஓர் எல்லையில் விழுந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

முதல் அடையாளம் கிலோமீட்டர்க் கல். கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. அந்தத் திட்டச் சாலைகளில், போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. சாலையின் தொடக்கத்தில் நிற்கும் பெயர்ப்பலகையில் முடிந்த தேதியும் பராமரிப்புக் காலமும் எழுதப்பட்டிருக்கும். பலகையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லும் இல்லை, பலகையும் இல்லை என்றால், நான் எல்லோருக்கும் சொல்லும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். சாதாரண மனுவை “எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை” என்று எழுதி ஓர் அலுவலகம் மூடிவிட முடிகிறது. 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. கேட்ட தகவல் வேறு அலுவலகத்திடம் இருந்தால், விண்ணப்பத்தைப் பெற்றவரே அதை ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 6(3) பிரிவு. அதாவது, சாலையின் உரிமையாளரைத் தேடும் வேலை உங்கள் தோளிலிருந்து இறங்கி, அது இருக்க வேண்டிய இடத்துக்குப் போகிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, “இன்ன ஊர் முதல் இன்ன ஊர் வரையிலான சாலை, குறிப்பாக வாய்க்கால் பாலத்தை ஒட்டிய வளைவு, எந்தத் துறையின் சாலைப் பதிவேட்டில் உள்ளது? கடைசியாக எந்தத் தேதியில் தார் போடப்பட்டது? ஒப்பந்ததாரரின் குறைநீக்கப் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது?” என்று மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்று தெரிந்துவிட்டால், 2023இல் அத்துறை தொடங்கிய ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு பதிவு செய்யலாம். மாநில நெடுஞ்சாலைப் பள்ளங்களை 24 மணி நேரத்திலும் மாவட்டச் சாலைப் பள்ளங்களை 72 மணி நேரத்திலும் சரிசெய்வது என்று அப்போது இலக்கு அறிவிக்கப்பட்டது. படத்தில் பள்ளத்தோடு கிலோமீட்டர்க் கல்லோ, மின்கம்ப எண்ணோ, கடைப் பலகையோ சேர்ந்து தெரியட்டும். பள்ளத்தின் பக்கத்தில் ஒரு லிட்டர்த் தண்ணீர்ப் பாட்டிலை நிறுத்திவைத்து எடுத்தால் ஆழம் பார்த்தவுடன் புரியும். “சாலை மிக மோசம்” என்று எழுதிய நூறு மனுக்களை என் மேசையில் பார்த்திருக்கிறேன். எந்த இடம் என்று தெரியாமல் ஆளை எங்கே அனுப்புவது?

“முடிக்கப்பட்டது” என்ற குறுஞ்செய்தியை ஏற்க வேண்டியதில்லை. அந்த மனு எண்ணையே குறிப்பிட்டு, செய்தி வந்த நாளுக்குப் பிறகு எடுத்த படத்தை இணைத்து, கோட்டப் பொறியாளருக்கோ மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலோ கொடுங்கள். புதிய மனுவாக எழுதினால் பழைய மனு தீர்ந்ததாகவே கணக்கில் நின்றுவிடும். வேலையை முடிக்காமல் மனுவை மட்டும் முடிப்பது, குழந்தைகள் போகும் சாலையில் நடக்கக் கூடாத தவறு. அதை எழுத்தில் சுட்டிக்காட்ட நீங்கள் தயங்க வேண்டாம்.

புகார் சொன்னால் உடனே வந்து செங்கல் துண்டும் மண்ணும் கொட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மழையில் அது கரைந்து, முன்பிருந்ததைவிடப் பெரிய பள்ளமாகிவிடுகிறது. தார் போட்டு அடைத்தாலும் மாதக் கணக்கில்கூட நிற்பதில்லை. ஏன்? – வாடகை கார் ஓட்டுநர்

தாருக்கு முதல் எதிரி தண்ணீர். மேல்பரப்பில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால் போதும். மழைநீர் அதன் வழியே இறங்கி, அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையை நனைத்து இளக்கும். அதன் மேல் லாரிச் சக்கரம் ஏறும்போது தண்ணீர் அழுத்தப்பட்டுப் பக்கவாட்டில் பாய்கிறது; சக்கரம் விலகும்போது நுண்ணிய மண்ணையும் இழுத்துக்கொண்டு மேலே வருகிறது. மழைக்காலத்தில் விரிசலைச் சுற்றிச் சேற்று நிறத்தில் கறை படிந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே அடித்தளம் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சில நாட்களில் மேல்தோல் உடைந்து உள்ளே விழும்.

செங்கலும் மண்ணும் கொட்டினால் அவை தண்ணீரைப் பஞ்சு போலப் பிடித்துவைத்துக்கொள்ளும். பள்ளத்தின் ஓரங்களும் நனைந்து இடியும். அதனால்தான் பள்ளம் பெரிதாகிறது. மழை பெய்துகொண்டிருக்கையில் வண்டிகள் கவிழாமல் இருக்க ஓரிரு நாள் ஏற்பாடாக ஜல்லித் தூளும் ஜல்லியும் கலந்து கொட்டுவதில் குற்றமில்லை. அதோடு வேலை முடிந்ததாக எழுதிக்கொள்வதுதான் குற்றம்.

சரியான முறை இது: உடைந்த பகுதியைச் சுற்றி, நல்ல தார் இருக்கும் இடம் வரை, சதுரமாகவோ நீள்சதுரமாகவோ செங்குத்தான பக்கங்களுடன் வெட்ட வேண்டும். தளர்ந்த ஜல்லியையும் ஈரத்தையும் தூசியையும் முழுவதும் அகற்ற வேண்டும். அடியிலும் நான்கு பக்கங்களிலும் தார்க் குழம்பு பூச வேண்டும். பிறகு சூடான தார்க்கலவையை இட்டு, ஆழம் அதிகமென்றால் இரண்டு அடுக்காக இட்டு, ரோலர் கொண்டு அழுத்த வேண்டும். ரோலர் இல்லாமல் மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போகும் ஒட்டு நிற்காது. அதை உங்கள் வண்டிச் சக்கரம்தான் அழுத்தும், சீராக அழுத்தாது. அடுத்த முறை ஒட்டுப்போடும் இடத்தைக் கடக்கும்போது வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் பாருங்கள். ஓரம் வெட்டப்பட்டதா, பள்ளம் பெருக்கப்பட்டதா, குழம்பு பூசப்பட்டதா, ரோலர் வந்ததா என்று கவனித்தாலே அந்த ஒட்டின் ஆயுள் தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்தும் அதே இடம் ஆண்டுதோறும் உடைகிறது என்றால் பழுது பள்ளத்தில் இல்லை, வடிகாலில் இருக்கிறது. சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்தும் இரு பக்கமும் சரிந்தும் இருக்க வேண்டும். ஓரத்து மண்பகுதி, நாங்கள் ‘பெர்ம்’ என்போம், புல்லும் மண்ணும் சேர்ந்து தார்ப்பரப்பைவிட உயர்ந்துவிட்டால், வழியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் சாலையிலேயே தேங்கும். எனக்குத் தெரிந்த ஒரு சாலையில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒட்டுப்போட்ட இடத்தில், ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணைச் சீவித் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பிய பிறகு பள்ளம் வரவே இல்லை. ஆகவே புகாரில் பள்ளத்தை மட்டும் எழுதாமல், மழைநீர் எங்கே தேங்குகிறது என்பதையும் எழுதுங்கள்.

சுங்கக் கட்டணம் முழுதாக வாங்குகிறார்கள்; சாலையோ குண்டும் குழியும். டயரும் வில்பட்டையும் உடைகின்றன. கட்டணம் தர மறுக்கலாமா? – லாரி உரிமையாளர்

சாவடியில் நின்று மறுப்பதால் உங்களுக்குத்தான் அபராதமும் தாமதமும் வந்து சேரும். ஆனால் உங்கள் கேள்வியின் நியாயத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. மதுரவாயல் – வாலாஜாபேட்டை இடையிலான தேசிய நெடுஞ்சாலை மோசமாக இருந்ததைக் கண்டு, நெமிலி, சென்னசமுத்திரம் ஆகிய இரு சாவடிகளிலும் பாதிக் கட்டணமே வசூலிக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரளத்தில் பாலியேக்கரை சாவடியின் வசூலையே 2025 ஆகஸ்டில் அம்மாநில உயர் நீதிமன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மேல்முறையீடு செய்தபோது உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. இப்படிப்பட்ட வழக்குகளுக்குத் துணை நிற்பவை தேதியிட்ட படங்களும் புகார் எண்களும்தான். 1033 என்ற ஆணையத்தின் உதவி எண்ணில் ஒவ்வொரு முறையும் பதிவு செய்து, எண்ணைக் குறித்துவையுங்கள். டயர்க் கடை ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் லாரி உரிமையாளர் சங்கம் இவற்றை ஓராண்டுக்குச் சேர்த்துவைத்தால் அது வலுவான ஆவணமாகிவிடும்.

இரவில் பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. காவல் நிலையத்தில் “கவனக்குறைவாக ஓட்டியதால்” என்று எழுதிவிட்டார்கள். இழப்பீடு கிடைக்குமா? – உணவு விநியோக ஊழியர்

முதலில் அந்த வரியைத் திருத்தக் கோரி, பள்ளத்தின் படத்துடன் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்; மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் வாங்கிவிடுங்கள். காரணம் தவறாகப் பதிவானால் பின்னர் எந்த மன்றத்திலும் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையைத் தரமாகப் பராமரிக்கத் தவறியதால் மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. அந்தத் தொகை மோட்டார் வாகன விபத்து நிதிக்குப் போகுமே தவிர நேரடியாக உங்கள் கைக்கு வராது. இழப்பீட்டுக்குத் தனியே உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பள்ளத்தால் நேரும் மரணத்துக்கு 6 லட்சமும் காயத்துக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரையும் இழப்பீடு தர உத்தரவிட்டது. அது மகாராஷ்டிரத்துக்கானது; என்றாலும் உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்ட உதவும். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

பழைய தாரின் மேலேயே புதிது போடுவதால் சாலை உயர்ந்து, ஓரத்தில் முக்கால் அடி இறக்கம். எதிரே பேருந்து வந்தால் ஆட்டோவை இறக்க முடியவில்லை. – ஆட்டோ ஓட்டுநர்

பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தமிழகத் தலைமைச் செயலாளர் எழுத்து மூலமாகவே அறிவுறுத்தியிருக்கிறார். உங்கள் தெருவில் வேலை தொடங்கும் நாளன்றே அதைக் குறிப்பிட்டு மனுக் கொடுங்கள். தார் இறுகிய பிறகு சொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே உயர்ந்துவிட்ட இடத்தில், ஓரத்துக்குக் கிராவல் இட்டுச் சரிவாக்கித் தரக் கேளுங்கள். அது சிறிய தொகையில் முடியும் வேலை.

நான் ஓர் இளம் பொறியாளர். ஓட்டுநர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். என் பிரிவில் நிதி வந்தால்தான் வேலை. ஒப்பந்தப்புள்ளி முடிய மாதங்கள் ஆகின்றன. குடிநீர்க் குழாய்க்காக வேறு துறை தோண்டிய பள்ளத்துக்கும் நானே பதில் சொல்கிறேன். நான் என்ன எழுத முடியும்? – உதவிப் பொறியாளர்

உங்கள் சங்கடத்தை நானும் அனுபவித்தவன். குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் சாலைச் சீரமைப்புக் கட்டணம் கட்டியிருந்தாலும், தோண்டிய மண்ணை அடுக்கடுக்காக இறுக்காமல் அப்படியே தள்ளி மூடிவிட்டுப் போனால், மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் முதல் மழையில் அது அமிழும். அதற்கு நீங்கள் காரணமில்லை.

ஆனால் மனுவுக்கு “ஆவன செய்யப்படும்” என்று எழுதாதீர்கள். அதைப் படிக்கும் ஓட்டுநர் நாளையும் அதே வளைவில் குழந்தைகளோடு போக வேண்டியவர். அந்த இரு சொற்களில் அவருக்கு உதவும் செய்தி எதுவும் இல்லை. மதிப்பீடு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, இப்போது எந்த மேசையில் இருக்கிறது, சாலையை வெட்டியது எந்தத் துறை, மழைக்கு முன் தற்காலிகமாக என்ன செய்யப்படும் என்று நான்கு வரி எழுதுங்கள். நிதி இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் நிதி கேட்டுப் போகும் ஊர்மக்கள் கையில் அந்தக் கடிதம்தான் ஆதாரமாக இருக்கும். வேறு துறையின் சாலை என்றால் மனுவை நீங்களே அங்கு அனுப்பிவிட்டு, நகலை மனுதாரருக்குக் கொடுங்கள். நிதி வரும் வரை, பள்ளத்துக்கு முப்பது மீட்டர் முன்னால் இரவில் ஒளிரும் பட்டை ஒட்டிய ஒரு பீப்பாயை நிறுத்திவையுங்கள். அதற்கு ஒப்பந்தப்புள்ளி தேவையில்லை.