'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? 'குட்' என்பதும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. அகராதியில் இரண்டுக்கும் 'நல்ல' என்றே போட்டிருப்பதால் வரும் குழப்பம் இது.

'எ குட் டாக்டர்' என்றால் வைத்தியத்தில் தேர்ந்தவர். 'எ நைஸ் டாக்டர்' என்றால் அன்பாகப் பேசுபவர், நாம் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவர். எப்போதும் சிடுசிடுவென்று இருக்கும் நேர்மையான அதிகாரியை 'குட்' எனலாம், 'நைஸ்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆளைக் குறிக்கும்போது 'நைஸ்' என்பது பெரும்பாலும் பழகும் விதத்தைப் பற்றியது. பொருளையோ இடத்தையோ குறித்தால், மனதுக்குப் பிடித்தது, இதமானது.

பேச்சில் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: முதன்முறை சந்திப்பவரிடம் 'நைஸ் டு மீட் யூ', விடைபெறும்போது 'நைஸ் மீட்டிங் யூ'. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 'நைஸ் டு சீ யூ'. உதவி செய்தவரிடம் 'தட்ஸ் வெரி நைஸ் ஆஃப் யூ' என்றால் 'உங்களுக்குப் பெரிய மனசு' என்கிற மாதிரி.

'நைஸ் ட்ரை' என்பதில் கவனம் வேண்டும். முயன்றார், ஆனால் பலிக்கவில்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ஜெயித்து வந்தவரிடம் பாராட்டாக நினைத்து அதைச் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு 'நைஸ் ஒர்க்'. 'நைஸ் அண்ட் வார்ம்' என்பதை 'நல்ல மற்றும் வெதுவெதுப்பான' என்று பிரித்துப் படிக்கக் கூடாது. இதமான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

இந்தச் சொல்லின் பூர்வீகம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 'அறியாதவன்' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. அன்று 'நைஸ்' என்றால் முட்டாள்! பிறகு, எதிலும் குறை காண்பவர் என்றாகி, நுணுக்கமானது என்றாகி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்ற பொருளில் பரவலானது. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் இன்றும் நுட்பமான வேறுபாடு என்றுதான் பொருள்.

தமிழ்ப் பேச்சில் 'நைஸா நழுவிட்டான்' என்கிறோமே, அந்த நைஸ் முழுக்க நம்முடையது. 'ஹி நைஸ்லி எஸ்கேப்டு' என்று அதை அப்படியே மாற்றினால், யாருக்கும் தெரியாமல் போனான் என்று ஆங்கிலம் பேசுபவருக்குப் புரியாது. அங்கே 'ஹி ஸ்லிப்டு அவே' என்று சொல்லுங்கள்.