சாவி கால்மிதிக்கு அடியில் இருந்தது

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் 'தி பிளிங் ரிங்' என்ற ஆங்கிலப் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டாள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் நடிகைகளின் வீடு புகுந்து திருடும் கதை. நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஜவுளிக்கடைக்குப் போவதுபோலச் சிரித்துக்கொண்டே திருடுகிறார்கள், கண்டிக்க ஆளே இல்லை. இனி பார்க்காதே என்று சொல்லிவிடட்டுமா?
- ஒரு அம்மா

பதில்: வேண்டாம். சொன்னால் நான்காவது முறை உங்களுக்குத் தெரியாமல் பார்ப்பாள், அவ்வளவுதான்.

கண்டிக்க ஆளே இல்லை என்று நீங்கள் கவனித்தது சரி. இயக்குநர் சோஃபியா கப்போலா வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார். படம் 2013இல் வந்தது, கதை நிஜமாக நடந்தது. 2008, 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பதின்ம வயதுக்காரர்கள் சிலர் பாரிஸ் ஹில்டன், லிண்ட்சே லோகன், ஆர்லாண்டோ புளூம் என்று பலர் வீடுகளில் நுழைந்து, சுமார் 30 லட்சம் டாலர் மதிப்புள்ள பொருள்களை அள்ளினார்கள். பெரிய கில்லாடித்தனம் ஒன்றும் இல்லை. நட்சத்திரம் இன்றைக்கு வெளியூரில் இருக்கிறாரா என்று கிசுகிசு தளங்களில் பார்ப்பது, முகவரியை இணையத்தில் தேடுவது, போய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பது. ஹில்டன் வீட்டுச் சாவி கால்மிதிக்கு அடியிலேயே இருந்தது. (நாம் மீட்டர் பெட்டிமேல் வைப்போமே, அதேதான்.) அவர் வீட்டுக்குள் பல தடவை போய்வந்திருக்கிறார்கள், முதலில் அவருக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு பொருள்! அப்புறம் அதே வீட்டில் படப்பிடிப்பு நடத்தவும் விட்டார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். முதல் தடவை பார்த்தபோது அந்தச் செருப்பு அலமாரியைத்தான் நானும் வாய் பிளந்து பார்த்தேன். திருட்டு நடக்கிறது என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று. உங்கள் பெண்ணும் உடைகளுக்காகவே பார்த்திருக்கலாம், அது குற்றமில்லை.

எனக்குக் கவலை தந்தது படத்தில் வரும் ஒரு அம்மா. எம்மா வாட்சன் நடித்த நிக்கியின் அம்மா. கெட்டவளே இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லித்தருகிறாள், கைகோத்துப் பிரார்த்தனை செய்யவைக்கிறாள். ஏஞ்சலினா ஜோலியின் படங்களை அட்டையில் ஒட்டி, இவரிடம் என்னென்ன நல்ல குணங்கள் என்று கேட்கிறாள். நேற்று ராத்திரி எங்கே போனாய், இந்தப் பை யாருடையது என்று மட்டும் கேட்பதில்லை. கடைசியில் நிக்கி சிறைக்குப் போய்வந்து டிவியில் உட்கார்ந்து பேசுகிறாள். லிண்ட்சே லோகனும் அதே சிறையில்தான் இருந்தாராம்! அவள் கூட்டம் திருடியது அந்த லோகன் வீட்டில்தான். முகத்தில் வெட்கம் துளியும் இல்லை. என் இணையதளத்துக்கு வாருங்கள் என்று முடிக்கிறாள்.

நான்காவது முறை நீங்களும் கூட உட்காருங்கள். போதைப்பொருள் காட்சிகள் வரும், முகம் சுளித்து எழுந்துவிடாதீர்கள். 'திருடுவது தப்பில்லையா?' என்று கேட்டால் ஆமாம் என்பாள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். திருடியதைப் போட்டுக்கொண்டு எடுத்த போட்டோக்களை இவர்கள் ஏன் ஊருக்கே காட்டினார்கள், யாரும் பார்க்காவிட்டால் திருடியிருப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.